விசாரணையின் முடிவு எங்கே?

பத்திராதிபர் அவர்களுக்கு,

சமையல் காஸ் கசிந்து வீடு இடிந்தது, தாயும் குழந்தைகளும் தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர் என்னும் செய்திகள் தங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. வந்து, போலீஸார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள் என்ற வாக்கியத்தோடு முடிந்தும் விடுகின்றன. அந்த விசாரணை என்ன ஆயிற்று, பழுது ரெகுலேட்டரிலா, ரப்பர் குழாயிலா, வால்வுக்குள் இருக்கவேண்டிய வாஷரிலா என்பதைப் பிற்பாடு எந்தப் பத்திரிகையிலும் வாசித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதற்குள், அடுப்பை மூட மறந்த குடும்ப ஸ்திரீயின் அஜாக்கிரதைதான் காரணம் என்று ஊரார் தீர்ப்புச் சொல்லியாகிவிடுகிறது. மறுமொழி கூற அந்த அம்மாள் பல சமயங்களில் உயிரோடு இருப்பதில்லை.

சிலிண்டருக்குள் அழுத்தத்தினால் திரவமாக அடைபட்டிருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும், வெளிப்பட்ட மாத்திரத்தில் ஏறக்குறைய 250 மடங்கு விரிந்து வாயுவாகின்றன. அவ்வாயு காற்றினும் கனமானதாகையால், புகையைப் போல மேலெழும்பி ஜன்னல் வழியே போய்விடாமல், தரையோடு தரையாகப் படர்ந்து மூலைகளில் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும் பக்குவத்தை அடைந்துவிடுகிறது. இரவெல்லாம் அடைத்துக் கிடந்த சமையலறையில் விடியற்காலை யாரோ ஒருவர் விளக்கின் ஸ்விட்சைத் தட்டினால் போதும். ஒருவரும் தட்டாவிட்டாலும், ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது தோன்றும் பொறி போதும். ஆகவேதான், சுவர்கள் விழுந்து கிடக்கும் புகைப்படத்தில் சிலிண்டர் முழுசாக நிற்பதையும், அதற்கு மேலேயே ‘சிலிண்டர் வெடித்தது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு இருப்பதையும் ஒருங்கே காண நேர்கிறது. (தங்கள் பத்திரிகையும் இதற்கு விலக்கல்ல என்பதைக் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

விதிகளுக்குக் குறைவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை காஸ் ஏஜென்ஸியின் சிப்பந்தி ஒருவர் வீட்டுக்கு வந்து அடுப்பு, குழாய், ரெகுலேட்டர் அனைத்தையும் பரிசோதிக்க வேண்டும். ரப்பர் குழாயை அதே கால அளவில் மாற்ற வேண்டும். சிலிண்டரைக் கொண்டுவருபவர் கசிவு உண்டா என்று நம் கண்முன் பார்த்துக் காட்ட வேண்டும். என் வீட்டுக்கு வந்த பரிசோதகரோ வாசற்படியில் நின்றபடியே அச்சிட்ட தாளில் கையொப்பமும், கையோடு கட்டணமும் வாங்கிக்கொண்டு போனார். சமையலறை எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடக் கேட்கவில்லை. சிலிண்டரைச் சுமந்து வருபவரை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். இரும்பும் எரிவாயுவுமாக 30 கிலோ பாரத்தைத் தோளில் ஏற்றி, மாடிமாடியாக ஏறி இறங்கி, நாம் தரும் சில்லறையை எதிர்பார்த்து நிற்கும் மனிதரிடம், வீட்டுக்கு வீடு நின்று நிதானமாய்ச் சோதிக்கும்படி எந்த நியாயத்தில் கேட்பது? அவருக்கு அந்த அவகாசத்தையும் ஊதியத்தையும் அளிக்காதவர்களையல்லவா கேட்க வேண்டும்?

பிற தேசங்களில் இத்தகைய துர்ச்சம்பவங்களை எப்படி விசாரித்தார்கள் என்பதைப் பார்த்தால் நமது அலட்சியம் இன்னும் தெளிவாகும். 1937இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தரைக்கடியில் வாசனையற்ற இயற்கை எரிவாயு கசிந்து தேங்கி வெடித்ததில், பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். காரணம் கண்டறியப்பட்டு, எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைச் சேர்த்தே தீரவேண்டுமென்று அம்மாகாணம் அதே ஆண்டில் சட்டம் செய்தது. 1968இல் லண்டன் நகரத்து ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆவது மாடியில் வசித்த ஓர் அம்மாள் காலைத் தேநீருக்காகத் தீக்குச்சியைக் கிழித்ததும், கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்து நால்வர் இறந்தனர். அரசாங்கம் அமைத்த குழு, தீக்குச்சி கிழித்தவரின்மேல் பழியைச் சுமத்திவிட்டு எழுந்துவிடவில்லை. அடுப்பை எரிவாயுக் குழாயோடு இணைத்த பித்தளை மரையில் இருந்த குறையையும், கட்டட அமைப்பின் பலவீனத்தையும் கண்டு அறிக்கையாக வெளியிட்டது. கட்டட விதிகளே திருத்தப்பட்டன. அவ்வளவு தூரம் போவானேன்? 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் வீடுதோறும் அடுப்படி விபத்துகள் பெருகியபோது, நியமிக்கப்பட்ட நிபுணர் குழு, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் இவற்றின் விகிதம் மாற்றப்பட்டதே பிரதான காரணமென்று கூறிற்று. எந்த இல்லத்தரசியும் எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தும் கண்டுபிடித்திருக்க முடியாத காரணம் அது!

எண்ணெய் நிறுவனங்களும் அரசாங்கமும், உயிர்ச்சேதம் நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் பழுதுபட்ட பாகம் இன்னது, அது செய்யப்பட்ட ஆண்டு இன்னது, அந்த வீடு கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட தேதி இன்னது என்பவற்றை அந்தந்த ஏஜென்ஸியின் வாசலில் தமிழில் எழுதி ஒட்டும்படி உத்தரவாக வேண்டும். தங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு: இனி இத்தகைய செய்தியை வெளியிட நேர்ந்தால், தங்கள் நிருபரை மூன்று மாதம் கழித்து அதே போலீஸ் நிலையத்துக்கு மறுபடியும் அனுப்பி, அந்த வீட்டு ரெகுலேட்டரையும் குழாயையும் யார் கைப்பற்றினார்கள், எங்கே சோதனைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாளைய வாசகர்,
கும்பகோணம்