எண்ணெய் கொடுக்கலாம், சீப்பு வேண்டாம்



இடைநிலைப் பள்ளி விடுதிக்கோ தொழிற்சாலை விடுதிக்கோ மகளை அனுப்பும்போது, பெட்டியில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வைக்காத தாய் நம்மில் உண்டா? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு நம் பிள்ளைகளோடு மட்டும் பழகியவள், அங்கே மலாய்ப் பெண், சீனப் பெண், சரவாக்கிலிருந்து வந்த இபான் பெண் என்று எல்லாரோடும் ஓர் அறையில் படுக்கிறாள். இரண்டே வாரத்தில் போத்தல்கள் கைமாறத் தொடங்கிவிடும். இவள் எண்ணெய் அவள் தலையில். அவள் வாங்கிய கண்டிஷனர் இவள் தலையில். விடுமுறைக்கு வந்தவளிடம் வீட்டில் சண்டை. "அவங்க முடி வேற, நம்ம முடி வேற. அவங்க சாமானைப் போட்டா முடியெல்லாம் கொட்டிப் போயிடும்டி!"

முடி வேறு என்பது உண்மைதான். ஆனால் பார்க்க வேண்டியது இனத்தை அல்ல, முடியின் வடிவத்தை. முடியைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் வைத்தால், சீனருடைய நேரான முடி பெரும்பாலும் வட்டமாக, பருமனாகத் தெரியும். இறுக்கமாகச் சுருண்ட முடி தட்டையாக இருக்கும். நம்மவர் முடி பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே. 'பெரும்பாலும்' என்கிறேன், ஏனென்றால் ஒரே வயிற்றில் பிறந்த அக்காளுக்கு நேர்முடியும் தங்கைக்குச் சுருட்டையும் இருப்பதை நம் லயத்திலேயே பார்க்கிறோம். பேராக், கிளந்தான் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களுக்கு நம்மில் பலரைவிட இறுக்கமான சுருள்.

தலைத்தோலில் இயற்கையாகவே எண்ணெய் சுரக்கிறது. நேரான முடியில் அது நுனிவரை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சுருண்ட முடியில் வளைவுக்கு வளைவு தடைப்பட்டு அடியிலேயே நின்றுவிடும். ஆகவே சுருட்டை முடிக்காரிக்கு நுனி காய்ந்து பிளக்கும். நேர்முடிக்காரிக்கு இரண்டு நாளில் தலை பிசுபிசுக்கும். ஒரே போத்தலை இருவரும் பயன்படுத்தலாம். அளவும் இடமும்தான் மாறவேண்டும். சீனத் தோழிக்கு நுனியில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் போதும். நம் சுருட்டைப் பெண் பாதி முடியிலிருந்து தாராளமாகத் தடவலாம். கண்டிஷனரும் அப்படியே, அதைத் தலைத்தோலில் தேய்க்காமல் முடியில் மட்டும் தடவி அலசிவிட வேண்டும். பொடுகு உள்ளவள் மட்டும் எண்ணெயைத் தலையில் ஊறவிடக் கூடாது, பொடுகு கூடும்.

எண்ணெய் ஈரத்தைக் கொடுப்பதில்லை; இருக்கும் ஈரத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. அதனால் குளித்துத் துவட்டியபின், முடி இலேசாக ஈரமாக இருக்கும்போதே தடவச் சொல்லுங்கள். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் சோதித்தார்கள். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடிக்குள் இறங்கிப் புரதச் சேதத்தைக் குறைத்தது. ஆய்வு செய்தவர்கள் மும்பையில் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நம் பாட்டிமார் கைப்பழக்கம் வீண்போகவில்லை.

மலாய்த் தோழி போத்தலைத் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடினால் உங்கள் மகள் மனம் கோணவேண்டாம். பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று பார்க்கிறாள். மாட்டுக் கொழுப்பு என்றால் நம்மில் எத்தனை பேர் கையை இழுத்துக்கொள்கிறோம்! தூடோங் அணிபவளுக்குப் பகலில் எண்ணெய் வழிந்தால் சங்கடம். இரவில் தேய்த்துக் காலையில் தலைகுளிக்கட்டும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. சுருட்டை முடிப் பெண்கள் சிலர், தோழியின் ஷாம்பூவைப் போட்டால் தங்கள் முடியும் அவள் முடிபோல் நேராகிவிடும் என்று நம்பிக் கைச்செலவுக்குக் கொடுத்த வெள்ளியையெல்லாம் அதில் கொட்டுகிறார்கள். முடியின் வடிவம் தோலுக்கடியில் வேர்ப்பையிலேயே அமைந்துவிடுகிறது. எந்த ஷாம்பூவும் அதை மாற்றாது. கடையில் மருந்து வைத்து நேராக்கினாலும், புதிதாக முளைப்பது சுருட்டையாகவே வரும். "பரட்டைத் தலை" என்று வீட்டில் நாமே கேலி செய்வதை நிறுத்தினால் பாதிச் செலவு குறையும்.

இனி, கொடுக்கக் கூடாதவை: சீப்பு, துவாலை, தலையணை. பேன் அதிகமாகப் பரவுவது தலையோடு தலை ஒட்டிப் படுப்பதால்தான். ஆனால் சீப்பு வழியாகவும் ஏறும். வட்ட வட்டமாக முடி உதிர்க்கும் படர்தாமரையும் அப்படியே. வாய் அகன்ற டப்பா என்றால் ஆளுக்கு ஆள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்கட்டும்.

மகளுக்குக் கேமரன் மலைப் பக்கம் விடுதி கிடைத்திருந்தால் ஒன்று சொல்லி அனுப்புங்கள். அங்கே குளிரில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். கெட்டுவிட்டதென்று வீசிவிட வேண்டாம். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு. போத்தலைச் சற்று நேரம் வெந்நீரில் நிற்கவைத்தால் உருகிவிடும்.