மெதூஸ் கப்பலும் சிபாரிசுக் கேப்டனும்



கப்பல் மூழ்கிய கதை என்றாலே நமக்கு டைட்டானிக்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வருவது அதற்கும் நூறு வருஷம் முந்தியது. 'மெதூஸ்' என்ற பிரெஞ்சுப் பாய்மரப் போர்க்கப்பல், ஃபிரிகேட் வகை. 1810-ல் வெள்ளோட்டம் விட்டார்கள். மறு வருஷமே ஜாவா வரை போனது. 1815-ல் தோற்றுப்போன நெப்போலியன் ரோஷ்ஃபோர் துறைமுகத்திலிருந்து தப்பப் பார்த்தபோது, வழிமறித்து நின்ற இங்கிலீஷ் கப்பலோடு தானே மோதுவதாக முன்வந்தவர் இதன் கேப்டன் போனே. அது நடக்கவில்லை. ஆனால் கப்பலும் ஆளும் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிகிறதல்லவா?

பிறகு மன்னராட்சி திரும்பியது. 1816-ல் செனகல் பயணத்திற்கு ஷோமரே என்பவரைக் கேப்டனாகப் போட்டார்கள். ஏறக்குறைய இருபது வருஷமாகக் கப்பல் ஓட்டாதவர். ராஜ விசுவாசிங்கிறது ஒண்ணுதான் தகுதி!

புயல் இல்லை, இருட்டும் இல்லை. ஜூலை 2, பட்டப்பகல். ஆப்பிரிக்கக் கரையோரம் ஆர்கன் மணல்திட்டு. தண்ணீரின் நிறமே மாறியது. விவரம் தெரிந்த அதிகாரிகள் சொன்னார்கள். கேப்டன் காதில் ஏறவில்லை. கயிறு விட்டு ஆழம் பார்த்துத் திருப்புவதற்குள் தரைதட்டிப் போச்சு. அதுவும் கடல் ஏறி நின்ற நேரத்தில்! பீரங்கிகளைத் தள்ளிப் பாரம் குறைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை.

சுமார் 400 பேருக்குப் படகுகள் போதாது. 147 பேரை ஒரு தெப்பத்தில் ஏற்றினார்கள். படகுகள் இழுத்துப்போக வேண்டும் என்று பேச்சு. கொஞ்ச தூரத்திலேயே கயிற்றை விட்டுவிட்டார்கள். கேப்டன் படகில்! 13 நாள் கழித்துத் தெப்பத்தில் உயிரோடிருந்தவர்கள் 15 பேர். கேப்டனுக்குத் தண்டனை மூணு வருஷ ஜெயில்.

எல்லோரும் கேப்டனைத்தான் திட்டுகிறார்கள். நான் அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் முதல் குற்றவாளி என்பேன். சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு அப்படித்தான் படுகிறது.

நமக்குச் சொந்தக்காரர் மாதிரி ஒருவர் அந்தத் தெப்பத்தில் இருந்தார். கொரேயார் என்ற இன்ஜினியர். படகில் இடமிருந்தும், தன் வேலையாட்களை விடமாட்டேன் என்று தெப்பத்தில் ஏறியவர். பிழைத்து வந்து, கப்பல் டாக்டர் சவிஞியோடு சேர்ந்து 1817-ல் நடந்ததையெல்லாம் புத்தகமாகப் போட்டார். அப்புறம் பாரீசில் புத்தகக்கடை வைத்தார். கடைக்குப் பெயர்? 'மெதூஸில் கப்பல் உடைந்தவன்'!