சுட வெச்சா சரியாப் போயிடுமா?

ஓட்டல் சாப்பாட்டில் கோளாறு என்றால் ஊரே திரளும். 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓட்டலில் சாப்பிட்ட ஒரு சிறுமி இறந்தாள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அதிகாரிகள் ஓடி வந்தார்கள். ஓட்டலுக்குச் சீல் விழுந்தது.

வேண்டிய நடவடிக்கைதான். ஆனால் வீட்டுச் சட்டியைச் சோதிக்க எந்த இன்ஸ்பெக்டர் வருவார்?

ஆம்பூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மணக்காத தெரு உண்டா? மத்தியானம் தம் போட்டு இறக்குகிறார்கள். ராத்திரிக்கும் அதே தேக்சாதான். மிச்சம் மூடியபடியே அடுப்படியில் கிடக்கும். விடிந்தால் ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கும். அவசரமாகக் கிளறி, டிபன் பாக்சில் அடைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். "நல்லா சுட வெச்சாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று சமாதானம் வேறு!

ஆகும். அரிசியோடு 'பாசில்லஸ் சீரியஸ்' என்றொரு கிருமி வருகிறது. சோறு கொதித்தாலும் அதன் வித்து சாவதில்லை. வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்குகிறது. அந்த விஷம் 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. வீட்டு அடுப்பு எம்மாத்திரம்? வாசனையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. தின்ற 6 மணி நேரத்துக்குள் குமட்டும், வாந்தி வரும். பழி என்னவோ கம்பெனித் தண்ணீர் மேல்!

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்தவே வேண்டியதில்லை. பச்சைத்தோலை என்ன செய்கிறார்கள்? உரித்த கையோடு உப்புப் போடுகிறார்கள். சூடு ஆறாமல் குவித்து வைத்தால் அழுகும், மயிர் கையோடு வரும், சரக்கு போச்சு என்பது டேனரியில் வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும். தேக்சாவில் குவிந்து கிடக்கும் பிரியாணியும் அதே கதைதான். மேலே தொட்டால் ஆறியிருக்கும். நடுவில் ராத்திரி வரை கதகதப்பு இருக்கும். கிருமிக்கு மெத்தை விரித்த மாதிரி!

தோலுக்குக் காட்டும் அக்கறையைச் சோற்றுக்கும் காட்டலாமே. கறி விற்கிற விலையில் மிச்சத்தைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? கொட்ட வேண்டாம். சாப்பிட்டு எழுந்ததும் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, பிரிட்ஜில் வைத்தால் போதும். இறக்கியதில் இருந்து 2 மணி நேரம்தான் கெடு. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம். வேலூர் கோடைக்கு எது பொருந்தும் என்று சொல்லவா வேண்டும்? பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அளவாக ஆக்குவதுதான் வழி. மிஞ்சினால் சூட்டோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

அரிவாள்மணையையும் கவனிக்க வேண்டும். கோழியை அரிந்த மணையிலேயே தயிர் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குகிறார்கள். கோழி வேகிறது, வெங்காயம் வேகிறதா? நடுவில் சோப்புப் போட்டுக் கழுவ ஒரு நிமிஷம் ஆகுமா?

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து புதுச் சோறு ஆக்கு என்று ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணிடம் சொல்வது சுலபம். வேலை முடிந்து வந்து துணி துவைப்பதும் அவள்தான். ராத்திரி மிச்சத்தைப் பரப்பி, ஆறவிட்டு, எடுத்து வைக்க வீட்டு ஆம்பளைக்குக் கை இல்லையா?

இத்தனைக்கும் மீறி வாந்தி பேதி கண்டால் சோடா குடித்துப் படுத்துக்கிடக்கக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது. குழந்தை துவண்டு விழுந்தாலோ, ஒன்றுக்குப் போவது நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.