உங்க வண்டி எங்க நிக்குதுன்னு வேற யாருக்குத் தெரியும்?

உங்க டிபார்ட்மெண்ட்டோட பழைய ப்ராஜெக்ட் லிஸ்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. "ஜிபிஎஸ், ஜிஎஸ்எம் மூலம் வாகனத்தைக் கண்காணிக்கும் கருவி" என்று ஒரு தலைப்பாவது கண்டிப்பா இருக்கும். ஒரு ஆர்டுயினோ, ஒரு நியோ-6எம், ஒரு சிம்800எல். மிஸ்டு கால் கொடுத்தா வண்டி நிக்கிற இடம் எஸ்எம்எஸ்ஸா வந்து விழும். ரிவ்யூ அன்னைக்கு மட்டும் சிம்800எல் ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கும். அது சிக்னல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், சப்ளை பத்தலைங்கிறது கடைசி நிமிஷத்துலதான் தெரியும்.

ஆக, இந்தக் கருவியைச் செய்ய நமக்குத் தெரியும். நம்ம வண்டியில யாராவது இதை ஒளிச்சு வச்சிருந்தா கண்டுபிடிக்கத் தெரியுமா? போன செமஸ்டர் வரைக்கும் எனக்குத் தெரியாது.

எங்க கிளாஸ்ல ஒரு தோழி. அறந்தாங்கிப் பக்கத்து ஊர். அவளோட ஸ்கூட்டர் நாலஞ்சு நாள் சும்மா நின்னா போதும், செல்ஃப் எடுக்காது. கிக்கர்தான். பேட்டரி மாத்தினா, அப்பவும் அதே கதை. கடைசியா மெக்கானிக் அண்ணன் முன்னாடி பேனலைக் கழட்டினப்ப, பேட்டரியில இருந்து ரெண்டு மெல்லிசு ஒயர் தனியா ஓடுறதைப் பார்த்தார். முனையில தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே சிம் கார்டு. "ஜிபிஎஸ்மா இது. நீங்க போடலையா?" என்று கேட்டார்.

அவள் போடலை. அவளோட அண்ணன் போட்டது. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எட்டு மாசமா தெரியாதது வண்டியை ஓட்டுறவளுக்கு மட்டும்தான். கேட்டதுக்கு "உன் பாதுகாப்புக்குத்தான்" என்றார்களாம். அவள் எங்ககிட்ட அழுதுக்கிட்டே சொன்னது இதுதான்: "கேட்டிருந்தா நானே லொகேஷன் ஷேர் பண்ணியிருப்பேனே. ஏன் கேக்கல?" இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

அந்தப் பேட்டரி ஏன் இறங்குச்சுங்கிறது நமக்கு ஒரு நிமிஷக் கணக்கு. ஸ்கூட்டர் பேட்டரி 3 ஆம்பியர்-மணி, கருவி சும்மா இருக்கும்போதே 30 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க. 100 மணி நேரத்துல காலி. அதாவது நாலு நாள் சொச்சம். அவள் சொன்ன அதே நாலு நாள். மூணு பேர் சேர்ந்து மறைச்சதை ஆம்பியர்-மணிக் கணக்கு காட்டிக் கொடுத்துடுச்சு!

என் கருத்தை நேரடியாவே சொல்லிடுறேன். ஒண்ணு, வண்டி ஓட்டுற ஒவ்வொருத்தரும் தன் வண்டியை ஒரு முறையாவது சோதிச்சுப் பார்க்கணும். இது பயந்த மனசு இல்லை, டயர்ல காத்து பார்க்கிற மாதிரி ஒரு பழக்கம். ரெண்டு, ஓட்டுறவங்களுக்குச் சொல்லாம டிராக்கர் வைக்கிறது தப்பு. வைக்கிறது அண்ணனா இருந்தாலும் சரி, காதலனா இருந்தாலும் சரி, முன்பின் தெரியாதவனா இருந்தாலும் சரி.

நம்ம மாவட்டத்துல இதைச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1990-களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வச்சார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதா பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரிக் கூலி வேலைக்குப் போனவங்க, அங்கன்வாடியில இருந்தவங்க, டீச்சர்கள் எல்லாம் அதுல இருந்தாங்க. பஸ்ஸுக்கும், வீட்டு ஆம்பளைங்க கொண்டுவந்து விடுறதுக்கும் காத்திருக்காம தானே கிளம்பிப் போறதுதான் அன்னைக்குப் பெருசா இருந்துச்சு. நம்மில் பல பேரோட அம்மாவும் அத்தையும் அந்தத் தலைமுறை. அவங்க சைக்கிள்ல யாரும் ஒயர் இழுத்து வைக்கலை. அவங்க பொண்ணு ஸ்கூட்டர்ல வைக்கிறோம்.

"வீட்ல இருக்கிறவங்களுக்குக் கவலை இருக்காதா?" என்று கேட்பீங்க. இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு கீரனூர் தாண்டி ஒரு பொண்ணு தனியா வந்தா அம்மாவுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். வண்டி திருட்டும் நடக்குது. அதனால டிராக்கரே கூடாதுன்னு நான் சொல்லலை. என் பைக்குல நானே ஒண்ணு போடலாம்னு இருக்கேன். வித்தியாசம் ஒரே ஒரு கேள்வியில இருக்கு: ஓட்டுறவங்களுக்கு அது தெரியுமா? தெரிஞ்சு இருந்தா அது பாதுகாப்பு. தெரியாம இருந்தா வேவு. இன்னொண்ணும் யோசிங்க. ஆபத்துல இருக்கிற பொண்ணுக்கு, தன் வண்டியில அப்படி ஒரு கருவி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அதை நம்பி ஒரு முடிவு எடுக்க முடியும்?

வீட்டை விட்டு வெளியே வந்தா விஷயம் இன்னும் கனமாகுது. 2020-ல் நொய்டா போலீஸ் ஒருத்தரைப் பிடிச்சாங்க. ஒரே காரை இணையத்துல விளம்பரம் போட்டு விற்பார். உள்ளே ஜிபிஎஸ், கையில மாற்றுச் சாவி. வாங்கினவர் எங்க நிறுத்துறார்னு பார்த்துப் போய்த் திருடிட்டு வந்து, அடுத்த ஆளுக்கு விற்பார். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போற நம்ம எல்லாருக்கும் இது பாடம்.

2010-ல் கலிஃபோர்னியாவுல 20 வயசு காலேஜ் பையன் ஒருத்தன் ஆயில் மாத்தக் காரை விட்டான். காரைத் தூக்கினப்ப அடியில ஒரு ஒயர் தொங்கிச்சு. இழுத்தா காந்தத்தோட ஒட்டின ஜிபிஎஸ் கருவி. நண்பன் படம் எடுத்து இணையத்துல போட, ரெண்டு நாள்ல எஃப்பிஐ ஆட்கள் வீட்டுக்கே வந்து "எங்க கருவியைக் கொடு" என்று கேட்டாங்க. 2012-ல் இன்னொரு வழக்குல, 28 நாள் ஒரு காரைப் பின்தொடர்ந்த போலீஸ் கருவி பத்தி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. காரில் ஜிபிஎஸ் ஒட்டி அப்படிப் பின்தொடர்ந்தது அரசியல் சட்டத்தின் பார்வையில ஒரு சோதனைதான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தாங்க.

நம்ம பக்கத்துக்கே வருவோம். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. சட்டவிரோத கல்குவாரிகள் மேல புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, தொழுகை முடிஞ்சு டூ வீலர்ல வீடு திரும்பும்போது திருமயம் அருகே லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காச்சு, சிபிசிஐடி கைக்குப் போச்சு. அந்த வழக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் நான் முடிச்சுப் போடலை. ஆனா ஒருத்தர் எப்போ, எந்த வழியா வருவார் என்ற தகவல் எவ்வளவு பெரிய விஷயம்னு இந்த ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதி மாறிக் காதலிக்கிறவங்களுக்கும், பிரிஞ்ச பிறகும் விடாம துரத்துற ஆளுக்குப் பயந்து இருக்கிறவங்களுக்கும் அது இன்னும் நல்லாவே தெரியும்.

சரி, எப்படித் தேடுறது?

முதல்ல போன். நம்ம பாக்கெட்ல இருக்கிறதை விட நல்ல டிராக்கர் கிடையாது. கூகுள் மேப்ஸ்ல லொகேஷன் ஷேரிங் யாருக்குப் போகுதுன்னு பாருங்க. உங்க கூகுள் அக்கவுண்ட் எந்தெந்தக் கருவியில திறந்திருக்குன்னு பாருங்க. இது அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்து ப்ளூடூத் டேக். 2021-ல் வந்த ஏர்டேக் மாதிரியான பொத்தான்கள். இதுல சிம் கிடையாது. பக்கத்துல போற மத்தவங்க போன் வழியா இடத்தைச் சொல்லும். பேட்டரி ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்கும். 2024 மே மாசத்துல ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தாங்க. தெரியாத டேக் உங்களோடவே பயணம் பண்ணினா ஐபோன், ஆண்ட்ராய்டு ரெண்டுமே எச்சரிக்கும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல பாதுகாப்பு, அவசர உதவி பகுதிக்குள்ள போனா நீங்களே ஸ்கேனும் பண்ணலாம். ஆனா டேக் சத்தம் போடும்னு மட்டும் நம்பி இருக்காதீங்க. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு வைக்கிறவங்க இருக்காங்க.

மூணாவது, சிம் போட்ட கருவி. இங்கதான் நம்ம பாடம் உதவும். ஜிபிஎஸ் ரிசீவர் வானத்துல இருந்து வர்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கேக்க மட்டும் செய்யும், எதையும் அனுப்பாது. அதனால ஜிபிஎஸ்ஸை டிடெக்டர் வச்சுப் பிடிக்க முடியாது. பிடிபடுறது அதோட மாடம் மட்டும்தான். அதுவும் வண்டி நின்னா தூங்கிடும், அசைஞ்சாத்தான் முழிக்கும். ஆன்லைன்ல விக்கிற மலிவு டிடெக்டரை நிக்கிற வண்டியில காட்டி "ஒண்ணுமில்ல" என்று முடிவு பண்ணாதீங்க. ஓடுற வண்டியில காட்டினாலும் உங்க போன் சிக்னலே குழப்பும்.

அதனால கண்ணும் டார்ச்சும்தான் நல்ல கருவி. தகரம் சிக்னலை மறைக்கும், எஞ்சின் சூடு பேட்டரியைக் கெடுக்கும். ஒளிச்சு வைக்கிறவன் இந்த ரெண்டையும் தவிர்த்து, பிளாஸ்டிக்குக்குப் பின்னாடிதான் பெரும்பாலும் தேடுவான். காரில் ஸ்டீயரிங் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட், ஃபியூஸ் பாக்ஸ், டேஷ்போர்டு அடி, சீட்டுக்குக் கீழே, ஸ்டெப்னி குழி, பம்பர் உள்பக்கம், சக்கர வளைவு எல்லாத்தையும் பாருங்க. அடிப்பாகத்துல காந்தத்தோட ஒட்டுறதும் உண்டு, கையை விட்டுத் தடவிப் பாருங்க. பைக், ஸ்கூட்டர்னா சீட்டுக்கு அடியில, பேட்டரி பக்கம், ஹெட்லைட் பின்னாடி, சைடு பேனல் உள்ளே. கம்பெனி ஒயரிங் ஒரே மாதிரி சுத்தி, கிளிப் போட்டு இருக்கும். அதுல சேராம, தனியா இன்சுலேஷன் டேப் சுத்தி ஒரு ஒயர் ஓடினா அதைப் பிடிச்சுக்கிட்டே போங்க. சில கருவிகள் ரிலே வடிவத்துலேயே வருது, ஏமாந்துடாதீங்க.

மல்டிமீட்டர் இருக்கா? சாவியை எடுத்துட்டு, பேட்டரி நெகட்டிவ்ல தொடராக வச்சு கரண்ட் பாருங்க. எல்லாம் அணைஞ்ச பிறகு காரில் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கிறது வழக்கம். கூடுதலா இருந்தா ஒவ்வொரு ஃபியூஸா எடுத்துப் பாருங்க. மீட்டர் தொடரில் இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடிச்சுடாதீங்க. மீட்டரோட ஃபியூஸ் போயிடும். பேட்டரியோட வர்ற காந்தக் கருவி இந்தச் சோதனையில சிக்காது, அதுக்குக் கண்ணுதான்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினா இன்னொரு வேலை: பழைய ஓனரோட மொபைல் ஆப் இன்னும் அந்தக் காரோட இணைஞ்சிருக்கான்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டு நீக்கச் சொல்லுங்க.

கிடைச்சுதுன்னா உடனே பிய்ச்சு எறியாதீங்க. கருவி அணைஞ்ச அடுத்த நிமிஷம் வச்சவனுக்குத் தெரிஞ்சிடும். அவன் ஆபத்தான ஆளா இருந்தா அது விபரீதம். முதல்ல இருக்கிற இடத்துலேயே படம், வீடியோ எடுங்க. உள்ளே இருக்கிற சிம்முக்குப் பின்னாடி ஒரு அடையாள ஆவணம் இருக்கும், போலீஸுக்கு அதுதான் நூல் முனை. பயமா இருந்தா வண்டியிலேயே ஸ்டேஷனுக்குப் போங்க, இல்லைன்னா 112-க்கு அடிங்க. பெண்களுக்கு 181 இருக்கு. கடன்ல வாங்கின வண்டின்னா ஒப்பந்தத்தைப் படிங்க, ஃபைனான்ஸ்காரங்க வச்சதா இருக்கலாம். பஸ், டாக்சியில இருக்கிறது வேற கதை. ஏஐஎஸ்-140 தரத்துல இருப்பிடக் கருவியும் அவசர பட்டனும் 2019-ல் இருந்து புது வண்டிகளுக்குச் சட்டப்படி கட்டாயம். அதுல கை வைக்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுது? அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் சொல்லிட்டாங்க. 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஜாமீன்ல வந்தவரை கூகுள் மேப்ஸ்ல இருப்பிடத்தைப் போலீஸுக்குக் காட்டச் சொல்ற நிபந்தனை செல்லாது என்றது. போதைப்பொருள் வழக்குல குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை இருக்குன்னா, இன்டர்னல் எழுத வர்ற பொண்ணுக்கு இல்லையா? நம்ம மாவட்டமும் அடங்குற மதுரைக் கிளை, மனைவியோட கால் பதிவுகளைக் கணவன் அவருக்குத் தெரியாம எடுத்த வழக்குல, தம்பதிக்குள்ளேயும் வேவு பார்க்கிறதைச் சட்டம் ஊக்குவிக்காதுன்னு 2024 அக்டோபர்ல சொன்னது. அடுத்த வருஷமே வேறொரு வழக்குல, மனைவிக்குத் தெரியாம பதிஞ்ச போன் பேச்சைச் சாட்சியமா ஏத்துக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக கோர்ட்டுகளே இன்னும் ஒரு நிலைக்கு வரலை.

ஓட்டையும் இருக்கு. பாரதிய நியாய சம்ஹிதையின் 78-வது பிரிவு பெண்ணைப் பின்தொடர்றதையும், அவளோட இணையம், மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிக்கிறதையும் குற்றம்னு சொல்லுது. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை. வண்டியில ஒட்டுற கருவியை அது பேர் சொல்லிக் குறிப்பிடலை. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிமனிதர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளுற தரவைத் தன் எல்லைக்கு வெளியே வச்சுடுச்சு. நம்ம தோழியோட பிரச்சினை சரியா அந்த இடைவெளியில விழுது. வண்டிக் கண்காணிப்பைச் சட்டம் பேர் சொல்லிக் குற்றமாக்கணும்னு நான் நினைக்கிறேன்.

சட்டம் வரும்போது வரட்டும். நம்ம கையில இருக்கிறது ரெண்டு வேலை. இந்த வருஷம் டிராக்கர் ப்ராஜெக்ட் பண்ற டீம் ரிப்போர்ட்ல ஒரு பக்கம் சேருங்க: "இந்தக் கருவி வண்டியில இருப்பது ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும்?" பதிலைச் சர்க்யூட்லேயே வைக்கலாம். டேஷ்போர்டுல தெரியுற மாதிரி ஒரு எல்இடி போதும். வைவாவுல கேட்டா பெருமையா சொல்லலாம்.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை வண்டி கழுவும்போது சீட்டைத் தூக்கி ஒரு பார்வை பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா நிம்மதி. தோழியோட வண்டிக்கும் சேர்த்துப் பார்த்துக் கொடுங்க, அவளைக் கேட்டுட்டு.

அவளோட ஸ்கூட்டர்ல இப்பவும் அந்தக் கருவி இருக்கு. வீட்ல உக்காந்து பேசினாங்களாம். திருட்டுக்கு உதவும், இருக்கட்டும்னு அவளே சொல்லிட்டா. ஆனா ஆப் இப்போ அவ போன்லயும் இருக்கு, பாஸ்வேர்டு மாத்தினதும் அவதான்.