நரிக்கு எந்தக் குண்டு என்று கேட்கும் தம்பிகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் திட்டிவிட்டுப் போங்கள், அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு பட்டியில் 11 ஆடுகள் செத்துக் கிடந்தன. அன்று சாயங்காலமே ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, "நரியைச் சுட விவசாயிக்குத் துப்பாக்கி கொடுக்கணும்" என்று ஆரம்பித்தான். இன்னொருவன் அமெரிக்காவில் கயோட்டி சுடும் வீடியோவைப் போட்டான். கயோட்டி என்றால் அந்த ஊர் நரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 10 மணிக்குள் எந்த ரைபிள், எந்தக் குண்டு என்று பட்டிமன்றமே நடந்துவிட்டது. "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார், நீங்க சொல்லுங்க" என்று நாலு பேர் என்னையும் இழுத்துவிட்டார்கள். சரி, சொல்கிறேன்.

கயோட்டிக்கு அவர்கள் அதிகம் எடுப்பது .223 போன்ற சின்னக் குண்டு. எடை 55 கிரெய்ன், அதாவது சுமார் மூன்றரை கிராம். வேகம் வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல். உறை மெல்லியது. உடம்புக்குள் போனதும் நொறுங்கிவிடும், பெரும்பாலும் மறுபக்கம் வராது. மண்ணில் பட்டாலும் தெறித்து ஓடுவதைவிடச் சிதறுவதுதான் அதிகம். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குப் பல இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடு கிடையாது, அதையும் வீடியோவில் பாருங்கள்.

நம் நாட்டில் சாதாரண உரிமத்துக்குக் கிடைக்கும் ரைபிள் என்றால் முதலில் .315 தான். .303 பொதுமக்களுக்குத் தடை. இந்த .315 குண்டின் எடை 244 கிரெய்ன், கிட்டத்தட்ட 16 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 600 மீட்டர். அரை எம்வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்பில் நான்தானே நடத்தினேன். 2800 ஜூலுக்கு மேல் வரும். எட்டு, பத்துக் கிலோ நரியின் உடம்பு இதை நிறுத்தவே நிறுத்தாது. துளைத்துக்கொண்டு போகும். குறி தவறினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். நம் மேட்டாங்காட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை தோட்டத்து வீடு, எத்தனை கோழிப்பண்ணை? போதாக்குறைக்குத் தரை முழுக்கப் பாறை. கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் போகும் என்று எந்த வாத்தியாரும் கணக்குப் போட முடியாது.

"அப்போ 12 போர் துப்பாக்கி?" என்றான் ஒருவன். எல்ஜி தோட்டாவில் ஆறு பெரிய குண்டு. 35, 40 மீட்டர் வரை நல்ல வேலை செய்யும். அதற்கு மேல் பரவிவிடும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் தூரம் கணிப்பது லேசு என்று நினைப்பவன் ஒரு தடவை கணித்துவிட்டு, காலையில் டேப் பிடித்துப் பார்க்கட்டும்.

நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் குண்டைக் கெட்டிக்கும் யோசனை வேறு வந்தது. இதைப் பற்றி எனக்குப் புத்தக அறிவு தேவையில்லை. எங்கள் அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருந்தது. நான் ஏழாவது படிக்கும்போது மரவள்ளிக் காட்டில் ஒரு பன்றியைச் சுட்டார். பட்டது, விழவில்லை. இரும்பு குண்டு ஈயம் மாதிரி உள்ளே போய் விரியாது, ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும். இரண்டு நாள் கழித்து ஓடையில் புல் அறுக்கப் போன என் சின்னம்மாவை அதே பன்றி குத்திக் கிழித்தது. பிழைத்துக்கொண்டார், கடைசி வரை நொண்டித்தான் நடந்தார். அப்பா அந்த வாரமே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்.

அவுட்டுக்காய் வைக்கலாம் என்று எழுதிய தம்பிக்கு ஒன்றுதான். 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்துச் செத்தது பன்றி அல்ல, வயிற்றில் குட்டியோடு இருந்த யானை. உன் தோட்டத்தில் முதலில் கடிக்கப் போவது உன் பசுமாடாகவே இருக்கலாம்.

இப்போது அந்த 11 ஆடுகளுக்கு வருவோம். மறுநாள் காலையில் நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு ஆட்டைக்கூடத் தின்னவில்லை. தொடையிலும் கழுத்திலும் குதறிப் போட்டிருந்தது. நரி பசிக்கு வரும், குட்டி கிடைத்தால் தூக்கிக்கொண்டு போகும். பட்டிக்குள் புகுந்து பதினொன்றைக் கொன்றுவிட்டு வெறும் வாயோடு போகாது. இது நாய்க்கூட்டம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டுப் போராடியதும் நாய்களால்தான்.

நாய்கள் ஏன் கூட்டம் கூடின? ஓடைப் பாலத்தடியில் மூட்டை மூட்டையாகச் செத்த கோழி. யார் கொட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். பண்ணை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என் மாணவர்கள். கோபித்துக்கொள்ளட்டும். குழி வெட்டிப் புதைக்கச் சோம்பல்படுகிறவனுக்குப் பதில் நரி குண்டடி பட வேண்டுமா?

வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்கா நரியை வலை போட்டுப் பிடித்து, முகத்தில் விழித்தால் நல்லது என்று ஊர்வலம் விடுகிறார்கள். வனத்துறையும் அபராதம் போட்டுப் பார்க்கிறது. அதுவும் எனக்குச் சம்மதமில்லை, வாயைக் கட்டி அலைக்கழிப்பதில் என்ன நல்லது வரும்? ஆனால் ஒரே மாவட்டத்து ஜனம் தை மாதம் கும்பிட்டுவிட்டு ஆடியில் குண்டு கேட்பது வேடிக்கைதான். இரண்டு வகை நரியும் 1972 சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. நிலக்கடலைக் காட்டில் எலியைத் தின்று நமக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவை.

காட்டுப்பன்றி விஷயம் வேறு. அதைச் சுட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2025 ஜனவரியில் சட்டசபையில் அறிவித்தார்களே: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு மேல் வனத்துறையினர் சுடலாம். கேரளாவில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவருக்கு அந்த அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள ஆட்களை வைத்துச் சுடுகிறார்கள். நாம் கேட்க வேண்டியது அதைத்தான். மனு கொடுத்தால் இத்தனை நாளுக்குள் ஆள் வர வேண்டும். பயிற்சி உள்ளவர் வர வேண்டும். பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும், தவறிய குண்டு மண்ணில் புதையும். கிழங்கைத் தோண்டிப் போன பிறகு யார் வந்து என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருப்பேன். கோழிக்கழிவுக்கு ஒரு மனு, பன்றிக்கு ஒரு மனு, இரண்டும் எழுதி வைத்திருக்கிறேன். ரைபிள் கேட்ட தம்பிகளும் வந்து கையெழுத்துப் போடுங்கள். அப்படியே பாலத்தடிக்குக் கூட்டிப் போகிறேன், மூக்கைப் பொத்தத் துண்டு எடுத்து வாருங்கள்.