சத்தியம் செய்யாத குரங்கு

"கடவுளை இல்லை என்கிறாயே, அப்படியானால் களவாடவும் கொலை புரியவும் உன்னைத் தடுப்பது எது?" இக்கேள்வியைச் செவிமடுக்காத தோழர் நம்மிடையே இரார். கல்லூரி விடுதியிலே கேட்கின்றனர். கலியாணப் பந்தலிலே கேட்கின்றனர். பெண் கேட்டுச் சென்ற வீட்டிலே, பெண்ணைப் பெற்றவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கேட்கின்றார். கேட்டு முடித்ததும், பிரம்மாஸ்திரம் விட்டாயிற்று, இனிப் பையன் எழுந்திருக்கமாட்டான் என்ற பூரிப்பிலே நிமிர்ந்து அமர்கின்றார். நமது இளைஞனோ, தான் பொய் பேசாதவன், புகை பிடிக்காதவன், தாயைப் போற்றுபவன் என்று நற்சான்றுப் பத்திரம் வாசிக்கத் தொடங்கிவிடுகிறான். வேண்டாத வேலை! சான்று காட்ட வேண்டியவர் எதிரே அமர்ந்திருப்பவர்.

ஏனெனில், அந்தக் கேள்விக்குள்ளே ஒரு வாக்குமூலம் ஒளிந்திருக்கிறது. வானத்திலே ஒரு போலீஸ்காரன் நிற்கிறான், அவன் கையிலே தடி இருக்கிறது, அதனாலேதான் அண்டை வீட்டானின் பெட்டியை நான் உடைக்கவில்லை என்பதன்றோ அதன் பொருள்? தடிக்கு அஞ்சி வரப்பைத் தாண்டாத மாட்டை, ஒழுக்கமுள்ள மாடு என்று எவரும் ஊர்வலம் விட்டதில்லை. போகட்டும், அந்தப் போலீஸ்காரனாவது கையூட்டு வாங்காதவனா என்று பார்த்தால், அவன் சன்னிதியிலேதான் உண்டியல் இருக்கிறது! பரிகாரம் உண்டு, பிராயச்சித்தம் உண்டு, முடி இறக்கினால் தள்ளுபடியும் உண்டு. ஐரோப்பாவிலே பாவமன்னிப்பைச் சீட்டாகவே அச்சிட்டு விற்றனர். 1517இல் மார்ட்டின் லூதர் சீறி எழுந்தது அந்த வியாபாரத்தைக் கண்டுதான். லூதர் நாத்திகரல்லர் என்பதையும் நினைவிற்கொள்க.

இது திண்ணைப் பேச்சோடு நின்றிருந்தால், சிரித்துவிட்டு நகரலாம். சட்டமாகவே நின்றது, அதுவும் நாகரிகத்தின் தொட்டில் என்று நமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இங்கிலாந்திலே! கடவுளையும், மறுமையிலே அவர் தரும் தண்டனையையும் நம்பாதவன் சத்தியம் செய்ய இயலாது. சத்தியம் செய்ய இயலாதவன் சாட்சி சொல்ல இயலாது. இதுவே அந்நாட்டு நீதிமன்றங்களிலே நெடுங்காலம் நிலவிய முறை. 1861இல் ஒரு பெண்மணி வழக்குமன்றம் ஏறினார். "உமக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். உண்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் இல்லை என்றார், உண்மையைச் சொன்னார். உண்மை சொன்ன வாய், உண்மை பேசத் தகுதியற்ற வாய் என்று தீர்ப்பாயிற்று! சாட்சியம் தள்ளப்பட்டது, வழக்கும் தோற்றது. இதன் விபரீதத்தை, அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1859இல், ஜான் ஸ்டூவர்ட் மில் எடுத்துக்காட்டியிருந்தார். பொய் சொல்லத் துணிந்த நாத்திகனை இம்முறை உள்ளே விடுகிறது, ஊரார் பழிப்பை ஏற்றும் மெய் சொல்லும் நாத்திகனை மட்டும் வெளியே தள்ளுகிறது என்றார் அவர். 1869இலும் 1870இலும் சட்டம் திருந்தி, நாத்திகருக்குச் சாட்சிக் கூண்டு திறந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1871இல், டார்வினுடைய 'மனிதனின் தோற்றம்' வெளிவந்தது. மனிதன் குரங்கினத்தின் உறவினன் என்ற செய்தியைக் கேட்டு மூக்கைப் பிடித்துக்கொண்ட பாதிரிமார்கள் பலர், அந்நூலிலே அதனினும் பெரிய வெடிகுண்டு ஒன்று இருந்ததைக் கவனித்தார்களோ இல்லையோ! கூடி வாழும் உணர்ச்சி படைத்த எந்த உயிரினமும், அறிவாற்றல் வளர்ந்துவிடுமானால், அறவுணர்ச்சியை அடைந்தே தீரும் என்பது டார்வின் வாதம். மனச்சான்று எங்கிருந்து வருகிறது? தகைவிலான் குருவியைக் காட்டுகிறார். குளிர்காலம் நெருங்குகிறது, கூட்டம் தொலைநாட்டுக்குப் பறக்கிறது. கூட்டிலே சிறகு முளைக்காத குஞ்சுகள். தாய்க்குருவி தவிக்கிறது. பறக்கும் வேட்கை அந்நேரத்திலே வலிதாக, குஞ்சுகளை விட்டுப் போய்விடுகிறது. நெடுவழி முடிந்து, வேட்கை தணிந்த பிறகு, பட்டினியாலும் குளிராலும் மடியும் குஞ்சுகளின் உருவம் அதன் நினைவிலே ஓயாது எழுமானால், அப்பறவை எத்தகைய துயரை நுகரும் என்று கேட்கிறார் டார்வின். பசியும் சினமும் இச்சையும் வந்து போகிறவை. உடன் வாழ்வோரிடம் கொண்ட பற்று போகாது நிற்பது. வந்து போகிற ஒன்றுக்காக, நிலைத்து நிற்கிற ஒன்றைக் காட்டிக்கொடுத்தவனுக்கு நினைவாற்றலும் இருந்துவிட்டால், அவன் இரவிலே உறங்கமுடிவதில்லை. இதுதான் மனச்சான்று. இதனைச் செதுக்கச் சீனாய் மலையும் வேண்டியதில்லை, சித்திரகுப்தன் கணக்கும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறார். இலண்டன் மிருகக்காட்சிசாலையிலே, காப்பாளன் ஒருவனைப் பெரிய பபூன் குரங்கு பாய்ந்து பிடரியிலே கடித்தது. அதே கூண்டிலே சின்னஞ்சிறு அமெரிக்கக் குரங்கு ஒன்று. அந்தப் பபூனைக் கண்டாலே நடுங்குவது. காப்பாளன் அதன் நண்பன். நடுக்கத்தை மறந்து பாய்ந்தது, அலறியது, பபூனைக் கடித்தது, மனிதன் தப்பினான். அக்குரங்கு எந்த வேதத்தை ஓதிற்று? எந்தச் சொர்க்கத்திலே இடம் கேட்டு விண்ணப்பித்தது? எந்தப் புத்தகத்தின்மீது கைவைத்துச் சத்தியம் செய்தது?

ஒரு குரங்கின் கதை போதாது என்பார்க்கு, 1964இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனை இருக்கிறது. கொடிய சோதனைதான், நாம் அதனைப் போற்றவில்லை. சங்கிலியை இழுத்தால் குரங்குக்கு உணவு வரும். ஆனால் அதே இழுப்பிலே, கண்ணாடிக்கு அப்பாலுள்ள மற்றொரு குரங்கின்மீது மின்சாரம் பாயும். அது துடிப்பதைக் கண்ட குரங்குகளிற் பெரும்பாலானவை அந்தச் சங்கிலியைத் தொட மறுத்தன. ஒன்று 5 நாள், மற்றொன்று 12 நாள் எந்தச் சங்கிலியையும் தொடாது பட்டினி கிடந்தது! தாமே அந்த மின்னடியைப் பட்டறிந்த குரங்குகள் அதிகம் தயங்கின. ஒரே கூண்டிலே பழகிய தோழனுக்காகவும் அதிகம் தயங்கின. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம். அதிலேதான் நமது வழக்கின் முடிச்சு இருக்கிறது.

மனிதக் கிளைக்கு வருவோம். ஈராக்கின் வடபகுதி மலையிலே ஷானிதர் என்றொரு குகை. 1957இல் ரால்ப் சோலெக்கி என்ற ஆய்வாளர் அங்கே நியண்டர்தால் மனிதன் ஒருவனின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. வலக்கை சூம்பிப்போய், முழங்கைக்குக் கீழே இல்லை. இடக்கண் புறத்து எலும்பு நொறுங்கியிருக்கிறது. காலும் ஊனம். ஆயினும் அக்காயங்கள் ஆறியிருக்கின்றன. அவற்றோடு அவன் பல்லாண்டு வாழ்ந்து, அக்காலத்துக்கு முதுமை என்று சொல்லத்தக்க வயதை எட்டியிருக்கிறான். ஒற்றைக் கையன், வேட்டைக்கு உதவாதவன். அவனுக்கு இறைச்சியைப் பங்கிட்டவர் யார்? புலி வந்தபோது கைகொடுத்தவர் யார்? மோசே பிறக்கவில்லை, மனு பிறக்கவில்லை. அந்தக் குகையிலே ஒரு கூட்டம், உதவாதவன் என்று அவனைத் தூக்கி எறியாதிருந்தது.

ஏன் எறியவில்லை என்பதற்கும் விளக்கம் வளர்ந்திருக்கிறது. உறவினர் உயிர் பிழைத்தால், பகிர்ந்துகொண்ட மரபுக்கூறும் பிழைக்கிறது என்பதை 1964இல் ஹாமில்டன் கணக்கிட்டுக் காட்டினார். உறவற்றோரிடையிலும் இன்று நான், நாளை நீ என்ற உதவி மாற்று நிலைபெற முடியும் என்று 1971இல் டிரைவர்ஸ் எழுதினார். நன்றி, நாணம், ஏமாற்றுவோன்மீது எழும் சினம் யாவும் அந்த மாற்றுக்குக் காவல் நிற்பவை. கோஸ்டா ரிக்கா நாட்டிலே இரத்தம் குடித்து வாழும் வௌவால்கள், அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிடில் மாண்டுபோகும். பசித்துத் திரும்பிய தோழனுக்கு, உண்ட வௌவால் தன் வயிற்றிலிருந்தே இரத்தத்தைக் கக்கி ஊட்டுவதை 1984இல் வில்கின்சன் பதிவு செய்தார். அன்னதானத்துக்குக் கல்வெட்டு வைத்துக்கொள்ளாத புண்ணியவான்கள்!

"அந்த நல்லுணர்ச்சியைக் குரங்குக்குள் வைத்தவனே ஆண்டவன்தானே?" என்பர். வைக்கட்டும். ஆனால் தான்சானியாவின் கோம்பே காட்டிலே, 1974 முதல் நான்காண்டுக் காலம், ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிலிருந்து பிரிந்துபோன மற்றொரு கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தனியே மடக்கி அடித்துக் கொன்றதை ஜேன் குடாலின் குழுவினர் கண்டு பதிந்தனரே, அந்த உணர்ச்சியை வைத்தவன் யார்? வரவை ஆண்டவன் பேரிலும் செலவைச் சாத்தான் பேரிலும் எழுதும் கணக்கப்பிள்ளையை எந்தக் கடையிலும் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

நாம் மறைக்கவில்லை. பரிணாமம் தந்தது வேலியிட்ட அன்பு. கூண்டுத் தோழனுக்காகப் பட்டினி கிடக்கும். எல்லைக்கு அப்பாலுள்ளவனைக் கடித்துக் குதறும். வேலிக்குள்ளே இரக்கம், வேலிக்கு வெளியே வெறி. மதம் செய்த வேலை என்ன? வேலியைப் பெயர்த்ததா? சில வேளை சற்று நகர்த்தியதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும், நின்ற இடத்திலேயே அதற்குக் கல் நட்டு, கல்லுக்குக் குங்குமம் இட்டது! 1845இல் அமெரிக்காவின் தென்மாநிலத்துப் பாப்டிஸ்டுகள் தனிச் சபை கண்டனரே, எதற்காக? அடிமைகளை உடையவரும் மிஷனரியாகலாம் என்ற உரிமைக்காக! விவிலியத்தை விரித்துவைத்துக்கொண்டே வாதாடினர். தவறு என்று அச்சபை வருந்தித் தீர்மானம் போட்டது 1995இல். நூற்றைம்பது ஆண்டு கழித்து. 1829இல் பெண்டிங்க் சதியைத் தடை செய்தபோது, கல்கத்தா வைதீகர் தருமம் அழிந்தது என்று கதறி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடினர். 1832இல் அங்கே தள்ளுபடியாயிற்று. 1927இல் மகாடு ஊரின் சவுதார் குளத்திலே அம்பேத்கரும் அவர் தோழர்களும் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தனர். மாடு குடித்த குளம், நாய் குடித்த குளம், மனிதன் குடித்தான் என்றதும் தீட்டாயிற்று! பஞ்சகவ்வியம் ஊற்றிப் புனிதம் செய்தனர். கண்ணாடிக்கு அப்பால் துடித்த தோழனுக்காக 12 நாள் உண்ணாதிருந்த குரங்கையும், தாகத்தோடு நின்றவனைக் குளக்கரையிலே அடித்து விரட்டிய ஆத்திகனையும் ஒரே தராசில் நிறுத்துவது குரங்குக்குச் செய்யும் அவமதிப்பு.

இன்று இதைச் சொன்னால், "அதெல்லாம் உண்மையான மதமல்ல, இடையிலே புகுந்த அழுக்கு" என்று நல்ல மனங்கொண்ட ஆத்திகர் கூறுகின்றனர். மகிழ்ச்சி. ஆனால் அவரை ஒன்று கேட்கிறோம்: எது மணி, எது அழுக்கு என்று பொறுக்கி எடுத்தீரே, எந்த முறத்தால் புடைத்தீர்? ஏட்டிலே இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆண்டவன் முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. ஆகவே முறம் ஏட்டுக்கு வெளியே இருந்து வந்தது. ஆண்டவன் சொன்னதால் நல்லதா, நல்லதாய் இருப்பதால் ஆண்டவன் சொன்னாரா என்று சாக்கிரட்டீஸ் கேட்பதாக, ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிவைத்த வினாவுக்கு இன்றுவரை மடங்களிலிருந்து மறுமொழி வரவில்லை. இங்கேயும் உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதை ஏற்காத சமணர்தாம் நாலடியாரைத் தந்தோர் என்று தமிழுலகம் வழிவழியாகக் கூறி வருகிறது. படைத்தவன் இல்லாமலே அறம் பாட முடிந்தது அவர்களால்.

வேறொரு கூட்டமும் உண்டு; அவர்களையும் விடுவதற்கில்லை. கோட்டும் சூட்டும் அணிந்து, கடவுளைக் கேலி பேசி, "வலியது வாழும், மெலியது மாளும், இதுவே டார்வின் சொன்ன இயற்கை" என்று பேசுவோர். 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், தகுதியற்றோர் என்று தான் முத்திரையிட்டவர்களுக்குக் கட்டாய மலடாக்கும் சட்டம் செய்தது, இத்தகைய போலி விஞ்ஞானத்தின் பெயரால்தான். டார்வினுக்காகப் போராடிய ஹக்ஸ்லி, அதற்கு முன்னரே, 1893இல் ஆக்ஸ்போர்டிலே, இயற்கையின் போக்கைப் பின்பற்றுவது அறமாகாது, அதனை எதிர்த்து நிற்பதே அறம் என்று முழங்கினார். அறத்தின் வித்து எங்கே விளைந்தது என்று அறிந்ததனாலேயே, வித்தை விழுந்து கும்பிட வேண்டியதில்லை. கடவுளைக் கீழே இறக்கிவிட்டு, அதே பீடத்திலே இயற்கையை ஏற்றிவைப்பவன் பகுத்தறிவாளனல்லன். அவன் பூசாரி வேலைக்கு வேறு கோயில் தேடியவன். குரங்கினால் வேலியைக் காண முடியாது. நம்மால் முடிகிறது. அப்பால் நிற்பவனுக்கும் மின்னடி வலிக்கும் என்று எண்ணிப் பார்க்கும் அறிவு, அதே பரிணாமம் நமக்கு ஈந்த கருவி. சேரிக்கும் ஊருக்கும் நடுவே இன்றும் கிடக்கும் முள்வேலியை அக்கருவியால் வெட்டுவதா, வேலிக்குக் கற்பூரம் கொளுத்துவதா என்பதே பெண்ணைப் பெற்றவரிடம் நமது இளைஞன் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி.

சத்தியத்தில் தொடங்கினோம், சார்லஸ் பிராட்லாவைச் சொல்லாது விடலாகாது. 1880இல் நார்தாம்ப்டன் மக்கள் அவரைக் காமன்ஸ் சபைக்கு அனுப்பினர். நாத்திகரான அவர், ஆண்டவன் பெயரின்றி உறுதிமொழி கூற இசைவு கேட்டார், மறுத்தனர். சரி, உங்கள் சத்தியத்தையே சொல்கிறேன் என்றார். நம்பாதவன் சொன்னால் தோஷம் என்று அதையும் தடுத்தனர்! வெளியேற மறுத்தவரை மணிக்கூண்டுச் சிறையிலே அடைத்தனர். தொகுதி காலியென்று தேர்தல் வைத்தனர், மக்கள் மீண்டும் அவரையே அனுப்பினர், மீண்டும், மீண்டும். 1886இலே இருக்கை கிடைத்தது. 1888இலே, விரும்புவோர் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை அவரே நிறைவேற்றி வைத்தார். ஆண்டவன் பெயராலோ, உளமார உறுதி கூறியோ பதவியேற்கலாம் என்று இந்திய அரசியல் சட்டம் இருவழி வைத்திருக்கிறது. 1967இல் சென்னையில் அண்ணாவும் அவருடைய அமைச்சர்களும் உளமார என்றுதான் உறுதி கூறினர்.

1891 ஜனவரி 27ஆம் நாள், பிராட்லாவைத் தடுத்த 1880ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தன் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடக் காமன்ஸ் சபை இசைந்தது. அவர் அப்போது நினைவிழந்து படுக்கையிலே கிடந்தார். செய்தி அவர் செவிக்கு எட்டவில்லை. 30ஆம் நாள் மறைந்தார். புரூக்வுட் இடுகாட்டிலே, அவர் விருப்பப்படியே, மந்திரமும் பேச்சும் இன்றி அடக்கம் நடந்தது. திரண்டு வந்தோரிலே, இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தி என்ற 21 வயது இளைஞரும் இருந்தார்.