அடுத்த நாள் காலையிலேயே மார்க் போடலாமா? அமெரிக்க ஃபுட்பால் டிராஃப்டின் முதல் சுற்றை எடைபோடுவது எப்படி

2025 ஏப்ரல் 24, வியாழன் இரவு. அமெரிக்காவின் கிரீன் பே நகரில் என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்று தொடங்கியபோது இந்தியாவில் வெள்ளிக்கிழமை காலை 5.30 மணி. 32 பெயர்களும் வாசித்து முடித்த சூட்டோடு சூடாக மார்க் ஷீட்டும் வந்துவிட்டது. இந்த அணிக்கு ‘ஏ’, அந்த அணிக்கு ‘பி மைனஸ்’, பாவம் இன்னொரு அணிக்கு ‘டி’. தொழில்முறைப் போட்டியில் ஒரு பந்தைக்கூடத் தொடாத, 21, 22 வயதுப் பையன்களை வைத்துப் போட்ட மார்க் அது.

ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற கூத்துதான். படிக்க சுவாரசியமாகவும் இருக்கும். ஆனால், அந்த மார்க் எதை அளக்கிறது என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் அது வீரரை அளப்பதில்லை. டிராஃப்டுக்கு முன்பு நிபுணர்கள் போட்டு வைத்த தரவரிசையோடு அணியின் முடிவு ஒத்துப்போனதா என்றுதான் பார்க்கிறது. பட்டியலில் 8-ஆவது இடத்தில் இருந்தவரை 15-ஆவது வாய்ப்பில் எடுத்தால் ‘ஏ’. 40-ஆவது இடத்தில் இருந்தவரை 15-இல் எடுத்தால் ‘டி’. அவ்ளோதான். அந்தப் பட்டியலே தப்பாக இருந்தால்? அதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

முதலில், இது என்ன ஏற்பாடு?

ஐபிஎல் ஏலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழம்பும். இங்கே வீரருக்கு விலை கேட்கும் வேலையே கிடையாது. மொத்தம் 32 அணிகள், ஏழு சுற்றுகள். கடந்த சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர் எந்த அணிக்குப் போவது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. யார் பெயரைச் சொல்கிறார்களோ அங்கே போக வேண்டியதுதான்.

பணம் புழங்காத இந்தச் சந்தையில் நாணயமாகப் புழங்குவது தேர்வு வாய்ப்புகள்தான். அணிகள் அதை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு வாய்ப்பைக்கூட இந்த ஆண்டே அடகு வைக்கலாம். ‘முன்னால் போய் அந்தப் பையனை எடுக்க வேண்டும்’ என்று ஓர் அணி நினைத்தால், கையில் இருப்பதைக் கொடுத்து மேலே ஏறும். அப்படிக் கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்பது அன்று இரவே தெரிந்துவிடும். ஆக, மறுநாள் காலையில் நியாயமாக எடைபோடக்கூடியது ஒன்று உண்டு. அது விலை.

2018: ஐந்து பேர், ஐந்து கதை

அந்த ஆண்டு முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். குவார்ட்டர்பேக் என்பவர்தான் பந்தை வாங்கி, யாருக்கு வீசுவது என்று முடிவெடுக்கும் ஆள். அணியின் தலையெழுத்தே பெரும்பாலும் அவர் கையில். பேக்கர் மேஃபீல்ட் முதல் வாய்ப்பில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸுக்கு. சாம் டார்னால்ட் மூன்றாவதாக நியூயார்க் ஜெட்ஸுக்கு. ஜோஷ் ஆலன் ஏழாவதாக பஃபலோ பில்ஸுக்கு. ஜோஷ் ரோசன் பத்தாவதாக அரிசோனா கார்டினல்ஸுக்கு. லமார் ஜாக்சன் 32-ஆவதாக, அதாவது சுற்றின் கடைசி ஆளாக, பால்டிமோர் ரேவன்ஸுக்கு.

இன்று திரும்பிப் பார்த்தால் வரிசை ஏறக்குறைய தலைகீழ். கடைசியாக வந்த ஜாக்சன், 2019, 2023 என இரண்டு சீசன்களில் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கிவிட்டார். 2024 சீசனுக்கான அதே விருது ஆலனுக்கு. ரோசனோ ஒரே சீசனில் அரிசோனாவிலிருந்து வெளியே.

அன்றைய விமர்சனங்கள் முட்டாள்தனமானவையா என்றால், இல்லை. வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆலன் வீசிய பந்துகளில் சுமார் 56 சதவீதம்தான் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் சுற்றில் எடுக்கப்படும் ஒரு குவார்ட்டர்பேக்குக்கு அது பலவீனமான கணக்கு. முதல் சீசனில் நிலைமை இன்னும் மோசம்: 52.8 சதவீதம். ‘சொன்னோம்ல’ என்றார்கள் விமர்சகர்கள். மூன்றாவது சீசனில் அது 69.2 சதவீதமாக ஏறியது. நடுவில் என்ன மாறியது? தலைமைக் கோச் மாறவில்லை, நிர்வாகம் மாறவில்லை, தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவரும் மாறவில்லை. 2020-இல் ஒரு முதல் சுற்று வாய்ப்பையே விலையாகக் கொடுத்து, பந்து பிடிப்பதில் கெட்டிக்காரரான ஸ்டெஃபான் டிக்ஸை மின்னசோட்டாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பையனின் உழைப்பு ஒருபக்கம். அவரைச் சுற்றி அணி போட்ட முதலீடு இன்னொரு பக்கம்.

அதே ஆண்டு ரோசனுக்கு என்ன நடந்தது? அவரை எடுக்க அரிசோனா 15-ஆவது இடத்திலிருந்து பத்துக்கு ஏறியது. சீசன் பாதியில் தாக்குதல் ஆட்டத்தை வகுத்த கோச் நீக்கப்பட்டார். சீசன் முடிந்ததும் தலைமைக் கோச்சும் போனார். ரோசன் தொடக்க வீரராக இறங்கிய 13 போட்டிகளில் வெற்றி மூன்றுதான். அடுத்த ஏப்ரலில் புதிய கோச், முதல் வாய்ப்பு, கைலர் மரி என்ற இன்னொரு குவார்ட்டர்பேக். ரோசன் மயாமிக்குப் பொட்டலம் கட்டி அனுப்பப்பட்டார். ‘தோற்றுப்போன தேர்வு’ என்ற முத்திரை அவர் பெயரில்தான் விழுந்தது. ஒரே ஆண்டில் மொத்த வீட்டையும் இடித்தவர்கள் பெயரில் இல்லை.

ரோசன் பஃபலோவுக்குப் போயிருந்தால் ஆலன் ஆகியிருப்பாரா? அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால், இடம் மாறினால் ஆட்டம் மாறும் என்பதற்கு டார்னால்ட் இருக்கிறார். நியூயார்க்கில் மூன்று சீசன், இரண்டு தலைமைக் கோச்சுகள், பிறகு கரோலினாவுக்குத் தள்ளிவிடப்பட்டார். கதை முடிந்தது என்றார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஓராண்டு மாற்று வீரராக உட்கார்ந்தார். 2024-இல் மின்னசோட்டாவுக்கு 17 போட்டிகளில் 14 வெற்றி தேடிக் கொடுத்தார். 2025 மார்ச்சில் சியாட்டில் அணி மூன்று ஆண்டுக்கு சுமார் 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. மேஃபீல்டும் அப்படித்தான். கிளீவ்லேண்ட் கைகழுவிய பிறகு டாம்பாவில் போய், 2024 சீசனில் 41 டச்டவுன் வீச்சுகள்.

ஜாக்சன் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர் அவர். ஆனாலும், ‘இவர் குவார்ட்டர்பேக் ஆக வேண்டாம், பந்து பிடிக்கும் வீரராக மாறட்டும்’ என்று பில் போலியன் போன்ற மூத்த நிர்வாகி வெளிப்படையாகவே சொன்னார். பிறகு தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். இன்று ‘மேதைகள்’ என்று பாராட்டப்படும் பால்டிமோர் நிர்வாகமே அன்று இரவு 25-ஆவது வாய்ப்பில் ஜாக்சனை எடுக்கவில்லை. ஹேடன் ஹர்ஸ்ட் என்ற வேறொருவரைத்தான் எடுத்தது. ஜாக்சன் இன்னும் மிச்சம் இருப்பதைப் பார்த்து, பிலடெல்பியாவிடமிருந்து 32-ஆவது வாய்ப்பை வாங்கிக்கொண்டது. சரியாகக் கணித்தவர்களே ஒருமுறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

விலைக்கு ஓர் அட்டவணை

1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணி ஒரு விலைப்பட்டியல் தயாரித்தது. அப்போதைய கோச் ஜிம்மி ஜான்சன் பெயரில் அது இன்றும் புழங்குகிறது. முதல் வாய்ப்புக்கு 3,000 புள்ளி, இரண்டாவதற்கு 2,600, ஐந்தாவதற்கு 1,700, முதல் சுற்றின் கடைசிக்கு 590.

2025-இன் பெரிய பேரத்தை அதில் வைத்துப் பார்க்கலாம். ஐந்தாவது இடத்தில் இருந்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ், டிராவிஸ் ஹன்டரை எடுக்க இரண்டாவது இடத்துக்கு ஏறியது. கிளீவ்லேண்டுக்குக் கொடுத்தது 5, 36, 126-ஆவது வாய்ப்புகளும், 2026-இன் முதல் சுற்று வாய்ப்பும். வாங்கியது 2, 104, 200. அடுத்த ஆண்டு வாய்ப்பை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால், கொடுத்தது சுமார் 2,290 புள்ளி. வாங்கியது சுமார் 2,700. இடைவெளி 400 சொச்சம். ஆனால், அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பு, அது கடைசி வாய்ப்பாகவே அமைந்தாலும், 590. அப்படிப் பார்த்தால் ஜாக்சன்வில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. வருங்கால வாய்ப்பு என்பதால் ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது இந்தச் சந்தையின் வழக்கம். அப்படிப் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது.

சரி, அட்டவணையே சரியா? பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலர், பின்னாளில் நோபல் வாங்கியவர், கேட் மேஸியோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். மேல்வரிசை வாய்ப்புகளுக்கு அணிகள் அதிக விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் முடிவு. இரு வீரர்கள் ஒரே இடத்தில் ஆடுபவர்கள், ஒருவர் முன்னாலும் இன்னொருவர் அடுத்ததாகவும் எடுக்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எடுக்கப்பட்டவர் சிறப்பாக ஆட எவ்வளவு வாய்ப்பு? பாதிக்குக் கொஞ்சம் மேல். நாணயம் சுண்டுவதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில்தான் 2017 நினைவுக்கு வர வேண்டும். சிகாகோ பேர்ஸ் ஒரே ஒரு இடம் முன்னேற, மூன்றிலிருந்து இரண்டுக்குப் போக, மூன்று கூடுதல் வாய்ப்புகளைக் கொடுத்தது. எடுத்தது மிட்ச் ட்ருபிஸ்கியை. எட்டு வாய்ப்பு தள்ளி, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 27-இலிருந்து பத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அந்த அணியும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்துத்தான் ஏறியது. மஹோம்ஸ் இதுவரை மூன்று சூப்பர் பவுல் வென்றிருக்கிறார். ஏறுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இருவரில் யார் மேல் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், ‘இவரேதான் வேண்டும்’ என்று ஓரிடத்துக்காக மூன்று வாய்ப்பை இறைத்தது அன்று காலையிலேயே கேள்வி கேட்கப்பட வேண்டிய விலை. அதைக் கேட்க மஹோம்ஸின் வெற்றி தேவைப்படவில்லை.

ஹன்டருக்காக வாதாட ஒரு விஷயம் இருக்கிறது. கொலராடோவில் அவர் தாக்குதலில் பந்து பிடிக்கும் வீரர், தடுப்பில் பந்து பறிக்கும் வீரர் என இரு பக்கமும் ஆடி ஹைஸ்மன் வென்றவர். தொழில்முறை ஆட்டத்திலும் அது நடந்தால், ஒரு வாய்ப்பில் இரண்டு வீரர்கள். நடக்காவிட்டால், ஒரு வீரருக்கு இரண்டு முதல் சுற்று விலை. இரண்டையும் ஒருவர் உடம்பு தாங்குமா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. 2024 சீசனில் நான்கே போட்டிகளில் வென்ற, பல இடங்களில் ஓட்டை இருந்த ஓர் அணி எடுத்த ரிஸ்க் இது. விலை அதிகம்தான். ஆனால், எதை நம்பி இவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதாவது தெளிவாக இருக்கிறது.

உண்மையான மார்க் ஷீட்

2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம், எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. 2010-இல் முதல் வாய்ப்பான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். ஓராண்டு கழித்து முதல் வாய்ப்பான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சேர்த்தே 2.2 கோடிதான். வித்தியாசத்தைப் பாருங்கள். அதாவது, நல்ல வீரர் கிடைத்தால் அணிக்கு அடிமாட்டு விலையில் நான்கு ஆண்டு உழைப்பு.

கூடவே, முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஐந்தாவது ஆண்டையும் அணி நீட்டித்துக்கொள்ளலாம். பால்டிமோர் 32-ஆவது வாய்ப்புக்கு ஆசைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வாய்ப்பு தள்ளி 33-இல் எடுத்திருந்தால் அந்த ஐந்தாவது ஆண்டு கிடையாது. மூன்று சீசன் முடிந்ததும் மே மாதத் தொடக்கத்துக்குள் அணி முடிவைச் சொல்லியாக வேண்டும். 2020-இல் ட்ருபிஸ்கிக்கு சிகாகோ ‘வேண்டாம்’ என்றது. அதே ஆண்டு கான்சஸ் சிட்டி மஹோம்ஸுக்கு நீட்டிப்பை உறுதிசெய்தது. சில மாதங்களிலேயே இன்னும் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது.

அணி தன் காசைப் போட்டுத் தானே எழுதும் மார்க் அது. 2025-இன் 32 பேருக்கும், ஹன்டர் உட்பட, அதற்கான கெடு 2028 மே மாதத் தொடக்கம். அதற்குள் அவர்களில் எத்தனை பேருக்குக் கோச் மாறியிருக்கும், எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்த நிர்வாகியே வேலையில் இருக்க மாட்டார் என்ற பட்டியலையும் அன்று யாராவது பக்கத்தில் வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.